பின்வாசலுக்குப் பதிவேடு இல்லை

மேற்கு டெல்லியில் மாயாபுரி என்றொரு பேட்டை இருக்கிறது. பழைய இரும்பு வியாபாரம் நடக்கும் இடம். சென்னைப் புதுப்பேட்டையில் ஒருமுறை நடந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை: பாதித் தெருவை அடைத்துக் குவிந்திருக்கும் சாமான், ஓயாத சுத்தியல் சத்தம், கிரீஸ் வாடை. 2010 ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே ஒரு கடைக்காரர் உடம்பு முடியாமல் படுத்தார். தோல் கறுத்தது, தலைமுடி உதிர்ந்தது. மருத்துவர்களுக்குக் கதிர்வீச்சுச் சந்தேகம் வந்தது. அணுசக்தித் துறையினர் அளவுமானிகளோடு மாயாபுரிக்குள் இறங்கினார்கள். கடைச் சாமான்களுக்கு நடுவே அவர்கள் கண்டெடுத்தது கோபால்ட்-60.

அது எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்துக்கொண்டு போனவர்கள் கடைசியில் போய் நின்ற இடம் ஆஸ்பத்திரியும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை.

கனடாவிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் வரவழைத்த காமா கதிர்வீச்சுக் கருவி அது. ஆராய்ச்சிக்காக வாங்கியது. 1985-க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. பயன்படுத்தியவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், கருவி மட்டும் ஓர் அறையில் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சாமானாக அதையும் ஏலம் விட்டார்கள். எடுத்தவருக்கு அது ஈயமும் எஃகுமாகக் கனக்கும் ஒரு நல்ல சரக்கு, அவ்வளவுதான். பிரித்தார்கள், வெட்டினார்கள். உள்ளே இருந்த உலோகத் துண்டுகள் கைக்குக் கை போயின. ஒருவர் ஒரு துண்டைத் தன் பர்ஸிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஏழெட்டுப் பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஏப்ரல் 26 அன்று ஒரு தொழிலாளி இறந்துபோனார்.

கோபால்ட்-60-இன் வீரியம் ஐந்தேகால் ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகும். கருவியை மறந்த அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அது ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டிருந்தது. மிச்சமிருந்த ஒரு பங்கே ஓர் உயிரைக் குடித்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஏழு நிலை அளவுகோலில் இது நான்காம் நிலை விபத்து.

பல்கலைக்கழகக் குப்பையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இங்கிருந்து தொடங்குவது கொஞ்சம் மிரட்டல் மாதிரித் தெரியலாம். டீ கப்பையும் கோபால்ட்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் இரண்டும் வளாகத்தை விட்டுப் போகும் வழி ஒன்றுதான். ஒரு பொருள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் எத்தனை கதவு! கொள்முதல் குழு, மூன்று கொட்டேஷன், ஒப்பந்தப்புள்ளி, துறைத்தலைவர் கையெழுத்து, இருப்புப் பதிவேட்டில் ஒரு எண், அந்த எண்ணை பெயின்டால் பொருளின் முதுகில் எழுத ஒரு ஆள், ஆண்டுக்கொரு தணிக்கை. அதே பொருள் வெளியே போகும்போது கேட்பது ஒன்றே ஒன்று: கிலோ என்ன விலை? அதற்கும் லாயக்கில்லை என்றால் அந்தக் கேள்வியும் கிடையாது. பின்வாசலில் ஒரு வண்டி நிற்கும், ஏற்றிக்கொண்டு போய்விடும்.

சோறும் சருகும்

எந்த வளாகத்திலும் எடையில் முதலிடம் சோற்றுக்குத்தான். நான் விடுதியில் இருந்த நாட்களில், மெஸ்ஸில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம் இருக்கும். சாப்பிட்டு எழுந்தவர்கள் தட்டை அதன் விளிம்பில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவோம். உப்புமா போடும் நாட்களில் டிரம் சீக்கிரம் நிறையும். சாயந்திரம் ஒரு பன்றிப் பண்ணைக்காரர் ‘சின்ன யானை’ வண்டியில் வந்து டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டு போவார். அவரை நாங்கள் கேலி செய்திருக்கிறோம். இப்போது யோசித்தால் அந்த வளாகத்திலேயே ஒழுங்காக நடந்த மறுசுழற்சி அது ஒன்றுதான். வீட்டுக் கழனித்தொட்டியின் பெரிய வடிவம். ஆனால் ஒரு குறை. பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலையில் ஒரு முக்கோணத் துணுக்கு விழுமே, அது, பிறகு டிஷ்யூ தாள், ஊறுகாய்ப் பாக்கெட், பல் குத்தும் குச்சி, எல்லாம் அதே டிரம்முக்குள்தான். அவற்றைப் பன்றி பொறுக்கி ஒதுக்காது.

கணக்கு யாருக்கும் வரும். ஆயிரம் பேர் சாப்பிடும் விடுதியில் ஆளுக்கு ஒரு வேளைக்கு ஐம்பது கிராம், சின்னதாக ஒரு கைப்பிடி, மிஞ்சினால் மூன்று வேளைக்கு நூற்றைம்பது கிலோ. காய்த்தோலும் காபி மண்டியும் இதில் சேரவில்லை. 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக நூறு கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களை ‘பெருமளவில் கழிவு உருவாக்குவோர்’ என்று வகைப்படுத்தின. அந்த வரையறையில் கல்லூரியும் பல்கலைக்கழகமும் விடுதியும் பெயர் சொல்லியே இடம்பெற்றன. மக்கும் குப்பையை முடிந்தவரை அந்தந்த வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும், மறுசுழற்சிக்கு ஆவதைப் பிரித்து உரியவர்களிடம் கொடுக்க வேண்டும், எஞ்சியதை மட்டும் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின. அப்படியென்றால், ஒரே ஒரு நடுத்தர விடுதி, அதுவும் எச்சில் தட்டை வைத்து மட்டுமே, இந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது வேறு. மெஸ்ஸுக்குப் பின்னால் சோறு புளித்து நாறும் அதே வளாகத்தில், விளையாட்டு மைதானத்தின் ஓரமாக இன்னொரு குப்பை குவியும். சருகு. மாசி, பங்குனியில் தூங்குமூஞ்சி மரமும் வேம்பும் உதிர்க்கிற இலைக்குக் கணக்கு கிடையாது. காலையில் கூட்டிச் சேர்ப்பார்கள், ஒன்பது மணிக்கெல்லாம் ஒரு தீக்குச்சி. நூலகத்துக்குள் வரைக்கும் புகை வரும். திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை போட்டது. சாதாரணமாக எரித்தால் ஐயாயிரம் ரூபாய், மொத்தமாக எரித்தால் இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்று அபராதமும் சொன்னது. அதன் பிறகும் சருகுக்குத் தீ வைப்பதை எரிப்பதாகவே யாரும் நினைப்பதில்லை. அது ‘சுத்தம் பண்ணுவது’.

உரக்குழி வைத்து அனுபவப்பட்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சோற்றின் நோய்க்குச் சருகுதான் மருந்து. மிஞ்சிய உணவில் தண்ணீரும் தழைச்சத்தும் அதிகம். தனியாகக் குவித்தால் காற்றுப் புகாமல் கூழாகி அழுகும், ஈ மொய்க்கும். சருகில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. தனியாகக் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். உரமாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபத்தைந்திலிருந்து முப்பது பங்கு கரிமம் இருந்தால் தோதாக இருக்கும். ஒரு கூடை சோற்றுக்கு இரண்டு மூன்று கூடை சருகு என்று மாற்றி மாற்றி அடுக்கினால் ஏறக்குறைய அந்தக் கணக்குக்கு வந்துவிடும். மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். ஐம்பத்தைந்து, அறுபது டிகிரிவரை போகும். அந்தச் சூட்டிலேயே நோய்க்கிருமியும் களை விதையும் செத்துவிடும். நாற்றம் வருகிறது என்றால் சருகு போதவில்லை, சூடு ஏறவில்லை என்றால் ஈரம் போதவில்லை. இதற்கு இயந்திரம் வேண்டாம். ஒரு மண்வெட்டியும் அதைப் பிடிக்க மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆளும் போதும்.

ஆனால் நம் நிறுவனங்கள் இயந்திரம் வாங்கத் துடிக்கும் அளவுக்கு ஆள் வைக்கத் துடிப்பதில்லை. இயந்திரத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மண்வெட்டிக்கு ஏது? நான் பார்த்த ஒரு கல்லூரியில் சாண எரிவாயுக் கலன் மாதிரி உணவுக் கழிவுக் கலன் ஒன்று வைத்தார்கள். எலுமிச்சைத் தோலும் முட்டை ஓடும் எலும்பும் அதற்கு ஆகாது என்று மெஸ்ஸில் யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார்கள். உள்ளே புளிப்பு ஏறி நுண்ணுயிர் செத்துப்போனது. ஆறே மாதத்தில் வாயு நின்றது. கலன் மட்டும் இன்னும் நிற்கிறது, அதன் முதுகிலும் பெயின்டில் ஒரு இருப்பு எண்.

மான் வயிற்றுக்குள்

ஒரு வளாகத்தில் குப்பை எங்கே போகிறது என்பதை மற்ற ஊர்களில் பெயின்ட் அடித்த சுவர் மறைத்துவிடும். கிண்டியில் மறைக்க முடியவில்லை. 1959-ல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி., கிண்டிக் காட்டிலிருந்து பிரித்தெடுத்த அறுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா. வகுப்புக்கு சைக்கிளில் போகும் மாணவர்களோடு புள்ளிமானும் ரோட்டைக் கடக்கும். வெட்டவெளிப் புல்லில் வெளிமான் நிற்கும். பெருநகரத்தின் நடுவே வெளிமான் மேயும் வளாகம் வேறெங்கே இருக்கிறது?

அந்த மான்களில் இறந்தவற்றைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது சிலவற்றின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்தது. மான் அசைபோடும் பிராணி. நான்கு அறை வயிறு. தின்றது முதல் அறையில் ஊறி, வாய்க்கு வந்து அரைபட்டு, மறுபடியும் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு மணமும் உப்பும் ஒட்டிய பையை மான் விழுங்கினால் அது செரிக்கவும் செய்யாது, கீழே இறங்கவும் செய்யாது. அங்கேயே தங்கி அடுத்த பைக்காகக் காத்திருக்கும். வயிறு நிறைந்த மாதிரித் தோன்றுவதால் மேய்ச்சல் குறையும். பசியே தெரியாமல் பட்டினியில் சாகும்.

பிரியாணியைக் கட்டி வந்த உறையை முடிச்சுப் போட்டுத் தொட்டியில் போட்ட மாணவர் தன் கடமையைச் செய்தவர்தான். தொட்டிக்கு மூடி இல்லை, குரங்கு இழுத்துப் போட்டது, மான் மோந்து பார்த்தது. தொட்டியில் போட்டதோடு முடிந்துவிட்டது என்ற நினைப்பைக் கிண்டி மான்களைப்போல வேறு யாரும் உடைத்ததில்லை. மற்ற வளாகங்களில் இதே வேலையை ஊரின் மாடுகள் செய்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் யாரும் அறுத்துப் பார்ப்பதில்லை.

பச்சை, நீலம், ஒரே சாக்கு

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பதினான்கு வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பை, உறிஞ்சு குழல், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பலருக்குத் தெரியாதது, பிளாஸ்டிக் பூச்சு பூசிய பேப்பர் கப்பும் அதில் உண்டு. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2023 அக்டோபரில் நீதிமன்றம் பேப்பர் கப் தடையைச் சரியென்றே சொன்னது. காரணம் எளிது. வெறும் தாளில் சுடச்சுட டீ ஊற்றினால் ஊறிப்போகும். ஊறாமலிருக்க உள்பக்கம் பாலிஎத்திலீன் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கிறது. தாளென்று மக்கவும் விடாது, பிளாஸ்டிக்கென்று உருகவும் விடாது. பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தொடக்கூட மாட்டார்.

எந்தப் பல்கலைக்கழகத்துக்குள் போனாலும் ‘நெகிழி இல்லா வளாகம்’ என்ற பலகை வரவேற்கும். பலகையிலிருந்து நூறடியில் டீக்கடை. கடையில் பேப்பர் கப். கண்ணாடி டம்ளர் கழுவத் தண்ணீருக்கும் ஆளுக்கும் எங்கே போவது என்று கடைக்காரர் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடைக்கு வாடகை ஏலம் விடுகிற நிர்வாகம், அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு குழாய் இணைப்பையும் டம்ளரையும் சேர்த்து எழுதியிருந்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். வளாகம் என்பது மதில் போட்ட சின்ன ஊர். உள்ளே கடை வைக்க அனுமதி கொடுப்பவரும், எதை விற்கலாம் என்று சொல்பவரும், குப்பையை அள்ளுபவரும் ஒரே நிர்வாகம்தான். ஒரு மாநகராட்சிக்குக் கனவிலும் வாய்க்காத வசதி இது. வந்தபின் பிரிப்பதைவிட வராமல் தடுப்பது எத்தனையோ மலிவு. ஆனால் விழிப்புணர்வுப் பேரணி நடத்துவது அதைவிட மலிவு.

சரி, பேரணி முடிந்து பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். மாணவர்கள் ஒழுங்காகப் பிரித்தும் போடுகிறார்கள். காலை ஆறரை மணிக்குத் தள்ளுவண்டியோடு வருகிற அம்மாவுக்கு ஒரே வண்டி, ஒரே சாக்கு. பச்சையும் நீலமும் அதற்குள் ஒன்றாகும். அதை ஒரு நாள் கண்ணால் பார்த்த மாணவர் மறுநாளிலிருந்து பிரித்துப் போடுவதை விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அம்மாவையும் குறை சொல்ல முடியாது. அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியரே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். அவருக்குக் கொடுத்த வேலை இடத்தைச் சுத்தமாக வைப்பது. பிரித்து வைப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இருக்காது.

உண்மையில் பிரிப்பவர் அவர்தான். வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு வெறுங்கையால் குடைந்து தண்ணீர் பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் தனியே எடுப்பார். ஒரு சாக்கு சேர்ந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அன்றைய டீச்செலவோ காய்கறியோ அதில்தான். அந்தக் கை துழாவும் இடத்தில் கண்ணாடிச் சில்லு இருக்கும், ஷேவிங் பிளேடு இருக்கும், செய்தித்தாளில் சுற்றாத நாப்கின் இருக்கும். பெண்கள் விடுதியில் நாப்கினுக்குத் தனி ஏற்பாடு செய்யாத நிர்வாகம், அதைத் தொட்டு எடுக்கும் வேலையை யார் தலையில் கட்டுகிறது என்பது தெரிந்தேதான் செய்யாமலிருக்கிறது. அந்த வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று சமூகவியல் துறைக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்பதில்லை.

இதில் நல்லெண்ணம் செய்யும் கெடுதலும் ஒன்று உண்டு. ‘பசுமை வளாகம்’ ஆக முடிவெடுக்கும் கல்லூரி, உலர் குப்பையை ஏதாவதொரு மறுசுழற்சி நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுக்க ஒப்பந்தம் போடும். அறிக்கையில் எழுத எடைக் கணக்கு கிடைக்கும், தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டப் படமும் கிடைக்கும். தள்ளுவண்டி அம்மாவின் பாட்டில் காசு போயிற்று. ஒப்பந்தம் போட்ட கூட்டத்தில் அவரைப் பற்றி யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசியிருக்க மாட்டார்கள். பேசியிருக்கவே மாட்டார்கள், அவ்வளவுதான்.

மதுரையில் ஒரு சாலை

எல்லா வளாகமும் இப்படியில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி கருமுத்து தியாகராசர் 1957-ல் தொடங்கியது. அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், பிளாஸ்டிக் குப்பையைத் தன் பாடத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். பைகள் செய்யும் பிளாஸ்டிக்கும் ரோடு போடும் தாரும் பெட்ரோலியத்தின் பிள்ளைகள், ஒன்றோடொன்று ஒட்டும் என்பது அவருடைய பிடி. பிளாஸ்டிக்கை நேரே தாரில் கலந்தால் சரியாகக் கலப்பதில்லை. அவர் செய்தது வேறு: ஜல்லியை நூற்று எழுபது டிகிரி வாக்கில் சூடாக்கி, அதன்மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினார். அது அரை நிமிடத்தில் இளகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு தார். சட்டை போட்ட கல்லுக்குள் தண்ணீர் இறங்காது. நம் ரோடுகளைக் குழி விழவைக்கும் எதிரி தண்ணீர்தானே.

2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு துண்டுச் சாலையை இப்படிப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு சென்னையிலும் மற்ற ஊர்களிலும் போட்டார்கள். 2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. 2013-ல் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் இதற்கென்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2018-ல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ. ஒற்றைத்தடச் சாலை ஒரு கிலோமீட்டர் போடச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும், ஏறக்குறைய அதே அளவு தார் மிச்சமாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எந்தக் கடைக்காரரும் வாங்காத மெல்லிய பையும் பிஸ்கட் உறையும்தான் இதற்குத் தோதான சரக்கு என்பது எனக்குப் பிடித்த பகுதி.

எனக்குத் தயக்கமும் இல்லாமல் இல்லை. பி.வி.சி. இதில் கலந்துவிடக் கூடாது, சூட்டில் அமில வாயு விடும். அதனால் பிரித்தெடுக்கும் வேலை இங்கேயும் தப்பவில்லை, அது மறுபடியும் அதே கைகளுக்குத்தான் போகிறது. சாலை தேயத் தேய அந்தச் சட்டையும் பொடியாகி மழைநீரோடு போகாதா என்ற கேள்வியும் உண்டு. ரோட்டில் போட்டுவிடலாம் என்ற தெம்பில் இன்னும் பத்துப் பை கூடுதலாக வாங்கும் மனித குணத்துக்கு எந்தக் காப்புரிமையிலும் மருந்து இல்லை. ஆனாலும், ஒரு வேதியியல் துறை தன் பின்வாசலில் நிற்கும் வண்டியைத் திரும்பிப் பார்த்தது என்பது பெரிய விஷயம். டெல்லியிலும் இருந்தது ஒரு வேதியியல் துறைதான்.

லேபிள் உதிர்ந்த பாட்டில்

ஆய்வகங்களைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. கரைப்பான்களை வகை பிரித்துச் சேமிக்க வேண்டும், குளோரின் உள்ளது தனி, இல்லாதது தனி. நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹால் இருந்த பாட்டிலில் ஊற்றினால் வெடிக்கும். இதெல்லாம் பாடத்தில் உண்டு, தேர்விலும் கேட்பார்கள். செய்முறை வகுப்பு முடிந்ததும் குழாயைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றச் சொல்வார்கள். நான் ஊற்றியிருக்கிறேன். வெள்ளியும் ஈயமும் குரோமியமும் கலந்த அந்த வானவில், குழாய் வழியே எங்கே போனது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளுக்கென்றே ஒரு நிலையம் இருப்பது படித்து முடித்துப் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

ஊற்ற முடியாதது அலமாரியில் தங்கும். ஓய்வுபெற்ற பேராசிரியரின் அலமாரியில் லேபிள் உதிர்ந்த பழுப்புப் பாட்டில் பத்தாவது இருக்கும். உள்ளே என்ன என்று தெரிந்தவர் பேரன் பேத்தியோடு வேறு ஊரில் இருப்பார். கோபால்ட் கருவிக்கு நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். அங்கே உதிர்ந்த லேபிள் ஒரு மனிதரின் ஞாபகம்.

கம்ப்யூட்டருக்கு இதன் நேர் எதிரான நோய். வெளியேற்ற எல்லாருக்கும் பயம். அரசு நிறுவனங்களில் ஒரு பொருளைக் ‘கண்டம்’ செய்வதென்றால் லேசுப்பட்ட காரியமில்லை. குழு கூட வேண்டும், ஆயுள் முடிந்ததென்று சான்று வேண்டும், நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் பதில் வேண்டும். எதற்கு வம்பு என்று பூட்டி வைத்துவிடுவார்கள். அதனால்தான் எல்லாக் கல்லூரியிலும் மாடிப்படிக்குக் கீழே ஒரு மயானம் இருக்கிறது: பருத்த முதுகுத் திரைகள், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், காலொடிந்த நாற்காலி. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ பழுதுபார்த்துத் தருபவரிடமோ உற்பத்தியாளரிடமோதான் இவற்றைக் கொடுக்கச் சொல்கின்றன. பழைய கண்ணாடித் திரையில் மட்டும் ஈயம் கிலோக் கணக்கில் இருக்கும். பயந்து பயந்து பதினைந்து வருடம் பூட்டி வைத்ததை, புதுக் கட்டடத்துக்கு இடம் வேண்டுமென்று ஒரே சாயந்திரத்தில் லாரியில் ஏற்றிவிடுவதும் நடக்கும். மாயாபுரிக்குப் போகும் வழி எல்லா ஊரிலிருந்தும் உண்டு.

பல்கலைக்கழகம் தன் குப்பையை உரிய மரியாதையோடு அனுப்பி வைப்பது ஒரு விஷயத்தில் மட்டும்தான்: விடைத்தாள். எண்ணி, கட்டி, முத்திரை வைத்து, குறிப்பிட்ட காலம்வரை காப்பாற்றி, பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரி, கூழாக்கத்தான் விற்கிறோம் என்று நிபந்தனை போட்டு அனுப்புகிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஆலைகளும் உண்டு. கரும்புச் சக்கையில் காகிதம் செய்து பெயர் வாங்கிய கரூர் காகிதபுரத்து அரசு ஆலையில், பழைய தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் இருக்கிறது. ஒரு நார் ஐந்தாறு முறை தாளாகிப் பிறக்கும், அதற்குப் பிறகு நைந்துவிடும். நான் திணறித் திணறி எழுதிய கணக்குத் தேர்வு இந்நேரம் யாருடைய நோட்டுப் புத்தகமாகவோ இருக்கலாம். அந்தத் தாள் வெளியே கசிந்தால் மானம் போகும் என்பதால்தான் இத்தனை காவல். மானம் போகும் என்ற பயம் இருக்கும் இடத்தில் பதிவேடு தானாக வந்துவிடுகிறது.

விடுதி காலியாகும் நாள்

கடைசி செமஸ்டர் முடிந்து விடுதி காலியாகும் வாரத்தில் ஒரு வளாகத்தைப் பார்க்க வேண்டும். நடைபாதையெங்கும் கிடக்கும்: பிளாஸ்டிக் வாளி, கப், பஞ்சு வெளியே வந்த மெத்தை, ஒற்றைச் செருப்பு, எக்ஸ்டென்ஷன் ஒயர், ஜெராக்ஸ் நோட்ஸ் கட்டு கட்டாக. நாலு வருடம் சேர்த்ததில் ஊருக்குக் கொண்டுபோக ஆகாதது. ரெண்டே நாளில் பின்வாசலுக்கு வரும் வண்டி மூன்று நடை அடிக்கும். அடுத்த மாதம் முதலாமாண்டுக்காரர்கள் முன்வாசல் வழியே வருவார்கள், கையில் புது வாளி. கேட்டுக்கு எதிர்க்கடையில் இருநூறு ரூபாய்க்கு வாங்கியது. ஒரு காலி அறையும் அதற்கு ஒரு சாவியும் இருந்தால் பழைய வாளியைப் புதுக் கைக்கு மாற்றிவிடலாம். சில விடுதிகளில் மாணவர்களே அப்படிச் செய்கிறார்கள், அறைச் சாவிக்காக வார்டனிடம் நடையாய் நடந்து.

எங்கள் காலத்தில் தப்பிய பொருள் ஒன்று உண்டு. எஞ்சினியரிங் படித்தவர்களுக்குத் தெரியும், மினி டிராஃப்டர். முதலாமாண்டு வரைபட வகுப்புக்கு மட்டும் வேண்டும், பிறகு வேண்டாம். தூக்கி எறியவும் மனம் வராது. அதனால் சீனியர் ஜூனியருக்குக் கொடுப்பார், ஒரு டீயும் ரெண்டு பப்ஸும் விலை. எனக்கு வந்த டிராஃப்டரின் பின்பக்கம் காம்பஸ் முனையால் கீறிய ஆறு பேர் இருந்தன, பேருக்குப் பக்கத்தில் பிரிவு, வருடம். முதல் பேர் நான் பிறப்பதற்கு முந்தைய வருடத்தது. திருகு ஒன்று மட்டும் யாரோ மாற்றியிருந்தார்கள். நான் ஏழாவதாகக் கீறி, பவானியிலிருந்து வந்த ஒரு பையனுக்குக் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எட்டாவது பேருக்கு இடமில்லையே அண்ணா என்றான். பிறகு தன் காம்பஸை எடுத்து, அளவுகோல் பக்கம் ஓரமாக ஓர் இடம் கண்டுபிடித்தான்.